பனியில் நின்ற அல்பேட்

கடையில் ஐஸ் பரப்பி முடிந்ததும் அல்பேட் ஒரு காரியம் செய்வான். வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றுவான். வெறும் கையை ஐசின் மேல் விரித்து வைத்து, உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தை அதில் இறக்கி, வாய்க்குள் நாலு மட்டும் எண்ணுவான். பிறகு கையை நேர் மேலே தூக்குவான். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, இழுத்தால் பார்த்ததற்கு அர்த்தமில்லை. ஐந்து விரலும் விளிம்பு மழுங்காமல் பதிந்திருந்தால் ஐஸ் புதியது, மத்தியானம் தாண்டும். சுண்டுவிரல் பக்கம் சரிந்து நீர் கசிந்தால் பழையது, இன்னொரு பை உடைக்க வேண்டும். பார்த்த அச்சை அவன் அழிப்பதில்லை. அதன் மேலேயே அன்றைய முதல் மீனைக் கிடத்துவான். போர்கோ வெக்கியோ சந்தையில் நெத்தலி வாங்கிப் போகிற எந்த இத்தாலியச் சிஞ்ஞோராவுக்கும், தன் மீனுக்குக் கீழே காலையிலிருந்து ஒரு மன்னார்க் கை படுத்திருந்தது தெரியாது.

மன்னாரின் வங்காலையில் கடற்கரை மீன் வாடியொன்றில் ஐஸ் போடுகிற வேலைக்குப் போன காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பலெர்மோவுக்கு வந்து பதினாலு வருடம். கை இன்னும் வாடியில்தான் நிற்கிறது.

அவன் வீட்டு வரவேற்பறையில், மடு மாதா படத்துக்குப் பக்கத்தில், அகலமான மரச் சட்டம் போட்ட ஒரு புகைப்படம் தொங்குகிறது. அதில் இருபத்தாறு வயது அல்பேட் நீலக் குளிர்ச்சட்டையும் கழுத்தில் கம்பளிச் சால்வையுமாக, பளபளக்கும் வெள்ளைக் குவியலின் மேல், மலை ஏறி முடித்தவன் போல நிற்கிறான். ஒரு கை இடுப்பில். மற்றக் கை கமராவுக்கு வணக்கம் வைக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "எங்கையண்ணை இந்த ஸ்னோ?" என்று கேட்டால், "அது ஒரு மலைப்பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போவான்.

அந்த மலை, துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு குளிரறையின் கொல்லைப்புறம். இயந்திரத்தில் மிஞ்சிய உடைத்த ஐசை விடியற்காலையில் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். சட்டை முதலாளியுடையது. படம் எடுத்தவன் கூட்டாளி றொஜர்.

ஏன் இந்தக் கூத்து என்றால், அப்போது பேசாலையில் மரியமலருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்பேட்டின் பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே நோர்வேயிலிருந்து இன்னொரு பேச்சும் போனது. நோர்வே மாப்பிள்ளை முழங்கால் மட்டும் பனிக்குள் நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறான் என்று செய்தி வந்தது. ஊரில் வெளிநாடு என்றால் பனி இருக்க வேண்டும். வெயிலில் நின்று படம் எடுப்பதற்கு ஒருவன் எதற்கு ஏஜென்சிக்குக் காசு கட்டி இத்தாலி போக வேண்டும், அதை மன்னாரிலேயே எடுக்கலாமே என்பார்கள். அல்பேட் ஒரு கிழமை யோசித்தான். எட்டாம் நாள் றொஜரைக் கூட்டிக்கொண்டு குளிரறைக்குப் பின்னால் போனான். படம் ஊருக்குப் போனது, பேச்சு சரிவந்தது, கலியாணம் நடந்தது. பலெர்மோ நகரத்துக்குள்ளேயே பனி தூறின ஒரு வருடக் கடைசி நாள் உண்டு. சனம் எல்லாம் தெருவுக்கு இறங்கி ஆடிய நாள். அன்று அல்பேட் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். பனியைத் தொடுகிற ஒரே சந்தர்ப்பமும் இப்படி மணவறைக்குப் பக்கத்தில் கழிந்துபோயிற்று.

ஆக, வீட்டில் பனிக்கு அத்தாரிட்டி அல்பேட். உண்மையில் அவன் வாழ்க்கையில் ஒரு துகள் பனியைக் கூடத் தொட்டதில்லை.

இது பெரிய பாரமாக இருந்ததில்லை, மகள் கிளறாவுக்கு ஏழு வயதாகும்வரை. கிளறா படத்தைப் பார்த்தே வளர்ந்தவள். இரண்டாம் வகுப்பில் மாயெஸ்திரா, அதாவது ரீச்சர், குளிர்காலம் பற்றிக் கேட்டபோது கையைத் தூக்கி, என் அப்பா ஸ்னோவில் வாழ்ந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும், பனிமனிதன் எப்படிச் செய்கிறதென்று எனக்குச் சொல்லித்தருவார், படமும் எடுத்துக்கொண்டு வருவேன் என்று அறிவித்துவிட்டாள். வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் படத்துக்குக் காத்திருந்தார்கள்.

அந்தப் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம், காற்றும் குளிரும் கடுமையாக இருக்கும், பள்ளிக்கூடங்கள் பூட்டு என்று நகரசபை அறிவித்தது. கடல் கொந்தளித்ததால் படகுகள் இறங்கவில்லை. மீன் இல்லை, கடையும் பூட்டு. விடிந்து பார்த்தால் நகரத்துக்குப் பின்னால் இருக்கிற மலைகள் எல்லாம் தலை நரைத்து நின்றன. கிளறா யன்னலடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் மூச்சு வட்டமாகப் படர்ந்து படர்ந்து மறைந்தது.

"அப்பா, நேவே," என்று மலைப் பனியைக் காட்டினாள். பிறகு, இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற மாதிரியே, "அமுனி" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வா போவம் என்று அர்த்தம்.

மரியமலர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். நொத்தர்பார்த்தொலோ வீதியில் வயதுபோன ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிற வேலை; பனியோ புயலோ அதற்கு விடுமுறை இல்லை. கதவடியில் சப்பாத்தைக் கொழுவியபடி, பிள்ளைக்கு இரட்டைக் காலுறை போடுங்கோ, பாணும் சம்பலும் சுத்தி வைச்சிருக்கிறன், கொண்டுபோங்கோ என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பயமில்லை. உங்களுக்குத்தானே ஸ்னோ பழக்கம்."

சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு ஒரு கீறும் இல்லை. அல்பேட் குனிந்து பிள்ளையின் காலுறையைத் தேடினான்.

அவள் போனதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, நகரத்தின் சீசாப் பகுதியில் இருக்கிற றொஜருக்குப் போன் அடித்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் போன் கையில் அதிர்ந்தது.

"மச்சான், பத்துப் பன்ரண்டு வரியமா சுவரிலை ஸ்னோவுக்கை நிக்கிறாய். இன்னும் விறைக்கேல்லையோ?"

அல்பேட் உதவி கேட்டான். யூடியூப்பைப் பார் என்றான் றொஜர். இரண்டு நிமிடம் பார்த்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டே எதையோ உருட்டியது. அதற்குள் கிளறா கதவில் தட்டத் தொடங்கிவிட்டாள்.

பழைய பண்டா கார் பெல்லோலம்போ மலைப் பக்கம் முக்கி முக்கி ஏறியது. பின் சீற்றில், கடையிலிருந்து எடுத்த லேசான வெள்ளை ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்று. சறுக்கலாம் என்று அல்பேட்டுக்கு வந்த யோசனை. கிளறாவின் காலுறைக்கு மேல் பாண் பை சுற்றி, அதற்கு மேல் சப்பாத்து. கையில் கம்பளிக் கையுறை, அதற்கு மேல் அம்மா கோப்பை கழுவுகிற மஞ்சள் கையுறை. அவள் மடியில் பள்ளிக்கூடப் பையும் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பை எதற்கு என்று அல்பேட் கேட்டதற்கு, "பிறகு" என்று மட்டும் சொன்னாள்.

வளைவுகள் ஏற ஏற வீதியோரம் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் இருபது முப்பது கார்கள் கண்டபடி நிறுத்தியிருந்தன. பாதிப் பலெர்மோ அங்கேதான் நின்றது. அலுவலகத்துக்குப் போகிற சப்பாத்தோடு பனியில் தடுமாறுகிற ஆண்கள், மெத்தை உறையைச் சறுக்கலாக்கிய பெண்கள், நாய்கள். அல்பேட் காரை ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தரமாகப் பனியில் கால் வைத்தான்.

கால் உள்ளே போனது. கடை ஐஸ் காலைத் தாங்கும், நறநறக்கும். இதுவோ, அரித்த மாவுக்குள் மிதித்த மாதிரி ஓசையில்லாமல் விட்டுக்கொடுத்தது. அவன் அறியாமலேயே கை பல்லுக்குப் போய்க் கையுறையைக் கழற்றியது. குனிந்து, வெறும் கையை விரித்து வைத்து, நாலு எண்ணி, நேர் மேலே எடுத்தான். ஆழமான, மெத்தென்ற ஒரு பள்ளம். விரல் எது இடைவெளி எது என்று பிரிக்க முடியவில்லை. அவன் கணக்குப்படி இது விற்க முடியாத ஐஸ். முதலாளியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பான்.

கிளறா தன் மஞ்சள் கையை அதற்குப் பக்கத்தில் பதித்து, அவளும் நாலு எண்ணினாள்.

அடுத்த அரை மணித்தியாலம் பனிமனிதன் செய்ததை அல்பேட் விவரமாகச் சொல்ல விரும்புவதில்லை. கடையில் தட்டுக்கு ஐஸ் அடுக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அள்ளிக் குவித்தான், விளிம்பைத் தட்டிச் சீராக்கினான். குவியல் அழகாகத்தான் வந்தது, ஆனால் மேலே ஒரு முழு வாள்மீனை வைத்தால் பொருந்துகிற தட்டையான அழகு. உயரவில்லை. இறுக வேண்டுமென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாடியில் அப்படித்தான். காரிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, பக்குவம் தெரிந்தவன் கையசைவோடு ஊற்றினான். மனிதனாகப் போகிற அது ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அமிழ்ந்து, சாம்பல் நிறக் கூழாகிக் காலடியில் பரவியது. மீன் வாசத்துக்குப் பெட்டியின் பின்னாலேயே வந்திருந்த ஒரு தெருநாய் அந்தக் கூழை மணந்து பார்த்துவிட்டு விலகியது.

கிளறா காரிலிருந்து பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தாள். பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது வரவேற்பறைப் படம், சட்டத்தோடு. அதே மாதிரி அப்பாவை நிறுத்திப் படம் எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகத்தான் அதைக் கழற்றி வந்திருந்தாள். இப்போது படத்தை இரண்டு கையாலும் பிடித்து, படத்தைப் பார்த்தாள், பனியைப் பார்த்தாள், அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"அப்பா, இதிலை உங்கடை கால் மேலை நிக்குது. இஞ்சை உள்ளுக்குப் போகுது. ஏன்?"

அது வேறு மாதிரி ஸ்னோ என்று சொல்ல அல்பேட் வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இருபத்திரண்டு பேருக்கும் அதையே சொல்லியிருப்பாள், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்த நெஞ்சு நிமிர்வுதான் அவனைத் தடுத்தது. என்றைக்கோ ஒருநாள் வேறு எவனாவது அவளுக்கு விளக்கம் சொல்லுவான். அப்போது அவள் தனியாக நிற்பாள்.

மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தான். மகளின் கண்ணுக்கு நேரே அவன் கண் வந்தது.

"பிள்ளை, அது ஸ்னோ இல்லை. மீனுக்குப் போடுற ஐஸ். குளிரறைக்குப் பின்னாலை கொட்டியிருந்தது. அப்பா இண்டைக்கு வரைக்கும் ஸ்னோவைக் கண்ணாலை கிட்டப் பாத்ததில்லை."

கிளறா படத்தைத் திரும்பவும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அல்பேட்டுக்கு அந்த நேரம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தாளைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லா நேரத்தையும் விட நீளமாக இருந்தது.

"அப்ப மணந்ததோ?" என்று கேட்டாள் கடைசியில்.

"என்னது?"

"ஐஸ். மீன் மணம் மணந்ததோ?"

"சட்டை ரெண்டு நாள் மணந்தது. முதலாளி ஏசினவர்."

அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது, வந்து நிற்கவில்லை, அப்படியே பனியில் குந்தி இருந்துவிட்டாள். சுவரில் அத்தனை வருடமாக வீரனாக நின்றவர் மீன் நாற்றத்தோடு நின்றிருக்கிறார் என்பது அவளுக்கு, படத்தை விட எத்தனையோ மடங்கு பெறுமதியான கதையாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்து ஓய்ந்ததும் அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது.

"அல்லோரா, அப்பிடியெண்டா உங்களுக்கும் இண்டைக்குத்தான் முதல் தரம். எனக்கும் முதல் தரம். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வகுப்பு."

"ஓம். ஒரே வகுப்பு."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அம்மாக்குச் சொல்லக் கூடாது."

சொல்லாமல் இருப்பதற்கு அவள் கேட்டது பத்துத் தரம் சறுக்கல். ஏழில் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த நாள் உண்மையில் தொடங்கியது. தெரியாததை மறைக்க வேண்டியதில்லை என்றானதும் அல்பேட்டின் கை காலெல்லாம் லேசாகிவிட்டன. இரண்டு பேரும் பக்கத்துக் காரடியில் போய் நின்று, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர் தன் பேரனுக்குப் பனியை உருட்டிக் காட்டுவதைக் களவாகப் பார்த்தார்கள். முதலில் கைக்குள் அடங்கும் உருண்டை. அதை நிலத்தில் உருட்ட உருட்ட அதுவே பனியைச் சுற்றிக்கொண்டு பெருக்கிறது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பாணுக்கு மா பிசைகிறவன் மாதிரி அல்பேட் உருட்டினான். கையுறை கிழிந்ததும் வெறும் கையாலேயே உருட்டினான். கம்பளித் தொப்பிக்காரர் அதைக் கண்டு நிமிர்ந்து, கை விறைக்கவில்லையா என்று கேட்டார். பதினாலு வருடம் ஐசுக்குள் கிடந்த கை அது, பனி அதற்கு வெந்நீர் மாதிரி. அல்பேட் பதில் சொல்வதற்குள் கிளறா சொல்லிவிட்டாள், தன் அப்பாவுக்குக் கையில் குளிரே இல்லை, யாருக்கும் இல்லாத கை என்று. அந்த மனிதர் தன் பேரனைக் கூப்பிட்டு அல்பேட்டின் கையைத் தொட்டுப் பார்க்க வைத்தார். பேரன் தொட்டுவிட்டுப் பயந்துபோனான்.

"வகுப்பிலை இதைத்தான் சொல்லுவன்," என்றாள் கிளறா. "இது உண்மைதானே."

சறுக்கல் ஆறாம் தரத்தில் முடிந்தது. ஆறாம் தரம் அல்பேட்டும் ஏறி உட்கார்ந்தான். மீன்பெட்டி பாதிச் சரிவில் பளாரென்று இரண்டாகப் பிளந்தது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பாதியில் வெவ்வேறு திசையில் போய்ச் சேர்ந்தார்கள். நாய் குரைத்துக்கொண்டு முதலில் யாரைத் துரத்துவதென்று தெரியாமல் நடுவில் நின்றது. பாணும் சம்பலும் அந்த நாயோடு பங்கிட்டுத்தான் முடிந்தது.

திரும்பும்போது எல்லோரும் செய்கிற வேலையைத் தாங்களும் செய்தார்கள். கார் முன்மூடியில் சின்னதாக ஒரு பனிமனிதனை உட்கார வைத்தார்கள். மலைக்குப் போய் வந்தோம் என்று நகரத்துக்குக் காட்ட அதுதான் வழக்கம். சம்பலுக்குள் முழுசாகக் கிடந்த பச்சை மிளகாய் மூக்கானது. பிளந்த பெட்டியின் ஒரு பாதியிலும் பனியை அமுக்கி நிரப்பிப் பின் சீற்றில் வைத்தார்கள், அது அம்மாவுக்கு. வளைவுக்கு வளைவு மனிதன் மெலிந்துகொண்டே வந்தான். நகரத்துக்குள் நுழைகையில் கழுத்து இல்லை. நொத்தர்பார்த்தொலோ வீதியில் நின்றபோது, ஒரு மிளகாயை விழுங்கிய வயிறு மட்டும் மிச்சம்.

மரியமலர் இரண்டு நிமிடம் அனுமதி கேட்டுக் கீழே இறங்கி வந்தாள். மேலே மாடத்தில் சிஞ்ஞோரா போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளறா ஒரே மூச்சில் மலையைச் சொன்னாள், நாயைச் சொன்னாள், பெட்டி பிளந்ததைச் சொன்னாள், சொல்லக் கூடாததை மட்டும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தாள். கன்னம் அதற்குப் போதவில்லை. அல்பேட் பெட்டிப் பாதியை நீட்டினான்.

"பாரும், மலர். உமக்கெண்டு கொண்டு வந்தனாங்கள்."

அவள் ஈர இறப்பர்க் கையுறையைக் கழற்றினாள். அமுக்கி நிரப்பியதால் பனி இப்போது இறுகியிருந்தது. அதன் மேல் வெறும் கையை விரித்து வைத்து, கொஞ்சம் பொறுத்து, நேர் மேலே எடுத்தாள். குனிந்து அச்சைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பழசு," என்றாள். "மத்தியானம் தாண்டாது."

கிளறா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாடத்திலிருந்த சிஞ்ஞோராவைப் பார்த்தான்.

படம் அன்று பின்னேரமே பழைய ஆணிக்குத் திரும்பியது. வகுப்புக்குப் போனது வேறொரு படம். அதில் பனிமனிதன் இல்லை. பனியில் இரண்டு கையச்சுகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

மிச்சத்தை மரியமலர் கிளறாவுக்குச் சொன்னது எத்தனையோ மாதம் கழித்து, அல்பேட் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில். அவளுடைய அப்பா சுவாம்பிள்ளை, பேசாலையில் படகுகள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரிடம் முப்பது வருடம் ஐஸ் பார்த்தவர். கலியாணப் பேச்சின்போது மேசையில் இரண்டு படமும் கிடந்தன. வீட்டில் எல்லோரும் நோர்வேப் படத்தைத்தான் பார்த்தார்கள். சுவாம்பிள்ளை மற்றதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கீழ் மூலையில், அல்பேட்டின் காலடியில், ஐந்து விரலும் மழுங்காத ஒரு கையச்சு இருந்தது. "இது மீன் ஐஸ்," என்றாராம். "பொடியன் கை வைச்சுப் பாத்திட்டுத்தான் மேலை ஏறி நிண்டிருக்கிறான். பொய்ப் படத்துக்கு நிக்கேக்கையும் வேலையை மறக்கேல்லை. இவனுக்கே குடுப்பம்." பலெர்மோவுக்கு வந்த முதல் மாதம் அந்தப் படத்துக்குச் சட்டம் வாங்கப் போனவள் மரியமலர்தான். கீழ் மூலையை மறைக்கிற அளவுக்கு அகலமான சட்டம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினாளாம்.